விழாமல் இருப்பதன் பொருளாதாரம்

ஐப்பசி பிறந்ததும் நெய்வேலி நகரியத்தின் நிறம் மாறிவிடுகிறது. வீட்டைச் சுற்றி மாவும் பலாவும் வேம்பும் நிற்கும் ஊர் இது. தொடர்ந்து இரண்டு நாள் மழை பெய்தால் போதும். மதில் சுவரும், கொல்லைப்புறத்துச் சிமென்ட் தளமும், துணி துவைக்கும் கல்லும் பச்சை பூக்கத் தொடங்கிவிடும். காற்றில் உதிர்ந்த இலைகள் அந்தப் பசுமையின் மேல் படிந்து, அடியில் இருப்பதை மறைத்துவிடும். மேலை நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால், நடைபாதையில் கிடக்கும் ஈர இலைகளைப் பற்றி முதியவர்களை எச்சரிப்பார்கள். நமக்கு அப்படியொரு பருவம் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும்தான் நாம் வழுக்கி விழும் காலம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசியின் கடைசி வாரத்தில், எங்களுடன் வசிக்கும் என் அக்கா அப்படித்தான் விழுந்தார். அப்போது அவருக்கு 71 வயது. காலையில் பூப்பறிப்பதற்காகக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு சென்றவர், குழாயடியில் கால் வைத்த மாத்திரத்தில் சரிந்துவிட்டார். உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த எனக்கு, பூக்கூடை விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. இடது இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை, 11 நாள் மருத்துவமனை வாசம், அதன்பிறகு நான்கு மாதங்கள் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே என்று அவரது வாழ்க்கை சுருங்கிப்போனது.

இதில் நான் சொல்ல வெட்கப்படும் பகுதி ஒன்று உண்டு. விழுவதற்குப் பத்து நாள்களுக்கு முன்பே அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, குழாயடி முழுக்கப் பாசி பிடிச்சுக் கெடக்கு. யாராவது விழப்போறாங்க." "ஞாயித்துக்கிழமை தேய்ச்சிடலாம் அக்கா" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் வந்திருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மருத்துவமனையில் இருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரி மாணவர்களுக்குச் செலவு - பயன் பகுப்பாய்வு கற்பித்தவன் நான். என் வீட்டுக் கொல்லையில் அந்தக் கணக்கைப் போட மறந்தேன்.

அந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கிறேன். அறுவை சிகிச்சை, எலும்பில் பொருத்திய உலோகக் கருவி, மருந்துகள், பிசியோதெரபி, வீட்டுக்கு வந்த உதவியாளரின் ஊதியம் என எல்லாமாகச் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு ஏறத்தாழ ரூ.2.75 லட்சம். வேலைக்குச் செல்லும் என் மகள் இரண்டு மாதங்கள் ஊதியமில்லா விடுப்பு எடுத்தது இதில் சேரவில்லை. மறுபுறத்தில், ஒரு நீளக்கைப்பிடித் துடைப்பம், ஒரு தேய்ப்பு பிரஷ், ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றின் விலை 200 ரூபாயைத் தாண்டாது. பருவமழைக் காலம் முழுவதும் வாரத்துக்கு அரைமணி நேரம் தேய்த்திருந்தாலும் மொத்தம் ஆறு மணி நேர உழைப்புதான். பாசி படிந்த குழாயடியில் ஒருவர் மோசமாக விழுவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொண்டால்கூட, எதிர்பார்க்கத்தக்க இழப்பு ரூ.2,750. அதைத் தவிர்க்க ரூ.200 செலவிட வேண்டுமா என்ற கேள்விக்கு எந்த மாணவனும் தவறாக விடை எழுதமாட்டான்.

ஆனால், மனிதர்கள் தேர்வுத்தாள் எழுதுவதுபோல் வாழ்வதில்லை. இன்றைய சிறு சிரமத்தை மிகப் பெரிதாகவும், நாளைய பேரிழப்பை மிகச் சிறிதாகவும் மதிப்பிடுவது நம் இயல்பு. 2017-இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் உள்ளிட்ட நடத்தைப் பொருளியல் அறிஞர்கள் இந்தப் பலவீனத்தை விரிவாக விளக்கியுள்ளனர். மேலும், தடுக்கப்பட்ட விபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. தரையைத் தேய்த்துவிட்டால், யாரும் விழவில்லை என்பது மட்டுமே பலன். அதற்காக யாரும் நமக்கு நன்றி சொல்லப்போவதில்லை.

நம் தேசியக் கணக்குகளும் இந்த மனப்போக்குக்குத் துணைநிற்கின்றன என்பது ஒரு விசித்திரம். என் அக்கா விழுந்ததால் மருத்துவமனைக்கும் மருந்துக் கடைக்கும் நாங்கள் அளித்த பணம் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்ந்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையைத் தேய்த்திருந்தால் அந்த உழைப்பின் மதிப்பு பூஜ்ஜியம். ஏனெனில், வீட்டுக்குள் ஊதியமின்றிச் செய்யப்படும் பணி அந்தக் கணக்கில் இடம்பெறாது. விழுந்தால் வளர்ச்சி, விழாவிட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லும் அளவுகோலைக் கொண்டு ஒரு வீட்டை நடத்த முடியாது.

இது ஒரு வீட்டின் சோகம் மட்டும்தானா? உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்ததனால் உயிரிழக்கின்றனர். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்கு விழுபவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு 3.73 கோடி. எதிர்பாராத காயங்களால் நேரும் உயிரிழப்புகளில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் விழுதலுக்குத்தான். இந்த மரணங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற நடுத்தர, குறைந்த வருவாய் நாடுகளில் நிகழ்கின்றன. உயிரிழப்போரில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி.

நம் நாட்டில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் விழுந்து இறந்தவர்களுக்கெனத் தனித் தலைப்பு உண்டு. ஆனால், அது காவல் துறையின் பதிவேட்டுக்கு வரும் மரணங்களின் தொகுப்பு. உயரமான கட்டடத்திலிருந்து விழுந்தவர் அதில் இடம்பெறுவார். குளியலறையில் வழுக்கி, இடுப்பு முறிந்து, படுத்த படுக்கையாகி, மூன்று மாதங்களுக்குப் பிறகு நுரையீரல் தொற்றால் இறக்கும் மூதாட்டியின் மரணத்தை "வயதாகிவிட்டது" என்றுதான் ஊர் சொல்லும். அப்படிப்பட்ட மரணங்கள் விபத்துக் கணக்குக்கு வருவது அரிது. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரோ அதற்கும் மேற்பட்டோரோ ஓராண்டுக்குள் உயிரிழப்பதாகப் பல நாட்டு மருத்துவ ஆய்வுகள் கூறுவதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது கூடுதல் கவலை தருவது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 10.4 சதவீதம். 2031-இல் இது 18.2 சதவீதமாக உயரும் என்பது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. அதாவது, ஏறத்தாழ ஐந்தரைப் பேருக்கு ஒருவர் முதியவர். அதே மாநிலம் தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெறுகிறது. கடலூர் மாவட்டத்தில் அந்த மழை எப்படிப் பெய்யும் என்பதை 2015 நவம்பரில் கண்டோம். நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. முதுமை கூடிவரும் சமூகமும் ஈரம் நிறைந்த மூன்று மாதங்களும் சந்திக்கும் இடம்தான் நம் வீட்டுக் கொல்லைப்புறம்.

வழுக்குதல் எப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் தடுப்பது எளிது. நடக்கும்போது முன்வைக்கும் குதிகால் தரையைத் தொடும் கணத்தில் அது முன்னோக்கித் தள்ளப்படுகிறது. தரைக்கும் பாதத்துக்கும் இடையிலான உராய்வுதான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. இடையே நீர்ப்படலம் இருந்து, அது வெளியேற வழியில்லாவிட்டால், பாதம் தரையைத் தொடாமல் நீரின் மேல் மிதக்கிறது. சொரசொரப்பான தரையிலும், வரிப்பள்ளங்கள் தேயாத செருப்பிலும் நீர் ஒதுங்க இடம் கிடைக்கும். வழவழப்பான ஓட்டிலும் தேய்ந்த ரப்பர் செருப்பிலும் கிடைக்காது. பாசியோ நீரைத் தன் வழவழப்பான கூழுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை நின்று வெயில் அடித்து, மேற்பரப்பு காய்ந்ததுபோல் தோன்றினாலும் அது வழுக்கும். சோப்பு நீரும் எண்ணெயும் இதே வேலையைச் செய்கின்றன.

நம் பருவமழைக் காலத்தின் பண்டிகைகளையும் இங்கே எண்ணிப்பார்க்கலாம். ஐப்பசியில் தீபாவளி எண்ணெய்க் குளியல். அன்று வீட்டிலுள்ள அனைவரும் வரிசையாக எண்ணெய் தேய்த்துக் குளித்த குளியலறைக்குள் கடைசியாக நுழைபவர் பெரும்பாலும் அந்த வீட்டின் மூத்த பெண்மணி. கார்த்திகையில் வாசற்படிகளில் வரிசையாக அகல் விளக்குகள். மறுநாள் காலையில் படிகளில் சிந்திய எண்ணெய். மார்கழியில் விடியுமுன் நீர் தெளித்த வாசலில், பனிமூட்டத்துக்கு நடுவே கோலம். ஒவ்வொன்றும் நம் பண்பாட்டின் அழகு; கைவிடச் சொல்பவன் அல்லன் நான். குளித்து முடித்ததும் சீயக்காயோ சோப்புத்தூளோ போட்டுத் தரையை ஒருமுறை கழுவிவிடுவதும், விளக்கின் அடியில் ஒரு சிறு தட்டு வைப்பதும் அந்த மரபின் பகுதியாகிவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இதில் பெண்களின் நிலையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 2019-இல் நடைபெற்ற தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 299 நிமிடங்கள். ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். பாத்திரம் துலக்குதல், துணி துவைத்தல், தரை துடைத்தல், சமைத்தல் என அந்த 299 நிமிடங்களில் கணிசமான பகுதி ஈரத்தரையில் கழிகிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைவதும் பெண்களுக்குத்தான். ஈரத்தரையும் மெலிந்த எலும்பும் ஒருவரிடமே சேர்வது தற்செயல் அன்று. அது நம் குடும்ப அமைப்பின் வேலைப் பங்கீடு.

நான் வாழும் ஊர் இந்த விஷயத்தில் ஒரு முரணைக் கண்முன் வைக்கிறது. 1956-இல் நிறுவனம் உருவாகி, 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த நாளிலிருந்து, பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த ஊர் நெய்வேலி. தலைக்கவசமும் பாதுகாப்புக் காலணியும் இன்றி யாரும் சுரங்கத்துக்குள் இறங்க இயலாது. மழைக்காலத்தில் களிமண் சேறாகும் சரிவுகளில் நடப்பவர்களின் காலணிக்கு ஆழமான பிடிமானம் இருக்கும். அதே தொழிலாளி பணிமுடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்தக் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, அடிப்பாகம் தேய்ந்த ரப்பர் செருப்போடு பாசி படர்ந்த கொல்லைக்குச் செல்கிறார். வேலையிடத்தில் பயின்ற அறிவு வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

தொழிற்சாலைத் தரை எப்படி இருக்க வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 32-ஆவது பிரிவிலேயே சொல்லிவிட்டது. தரைகள், படிகள், நடைவழிகள் உறுதியாகக் கட்டப்பட்டு, முறையாகப் பராமரிக்கப்பட வேண்டும். தடைகளோ வழுக்கச் செய்யும் பொருள்களோ அவற்றில் இருத்தல் கூடாது. தேவையான இடங்களில் கைப்பிடி அமைக்க வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு தொழிலாளிக்குச் சட்டம் அளித்த இந்தப் பாதுகாப்பை நம் வீட்டு மூதாட்டிக்கு நாமே அளிக்கலாமே!

தொழிலகப் பாதுகாப்பிலிருந்து நாம் கடன் வாங்கத்தக்க இன்னொரு கருத்தும் உண்டு. 1931-இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹெய்ன்ரிச் என்பவர், ஒரு பெருங்காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயமே ஏற்படாத 300 நிகழ்வுகளும் இருப்பதாக எழுதினார். அந்த எண் விகிதம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று பின்வந்தோர் மறுத்துள்ளனர். ஆயினும், அடிப்படைப் பாடம் நிலைத்துவிட்டது. மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளைப் பதிவு செய்து, அவற்றின் காரணத்தைக் களைவது இன்று தொழிலகங்களில் வழக்கமாகிவிட்டது. வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? கால் வழுக்கி, சுவரைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டவர், "நல்லவேளை, விழவில்லை" என்று சிரித்துவிட்டுப் போகிறார். அது விலையின்றிக் கிடைத்த எச்சரிக்கை. வழுக்கியவர் அதைச் சொல்ல வேண்டும். கேட்டவர் அன்றே அந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும். என் அக்கா சொன்னார். கேட்ட நான் செய்யவில்லை.

என்னென்ன செய்யலாம்? முதலாவது, பாசி. உலர்ந்த துடைப்பத்தால் இலைகளை ஒதுக்கிவிட்டு, கெட்டியான பிரஷ் கொண்டு தேய்த்து, பிளீச்சிங் பவுடரைத் தூவிச் சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடருடன் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் கலக்கக் கூடாது; அதிலிருந்து வெளிப்படும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும். தேய்ப்பவரே வழுக்கி விழுவதும் உண்டு என்பதால், நீளக் கைப்பிடியுள்ள பிரஷ்ஷே நல்லது. இந்த வேலையை வீட்டின் இளையவர்கள் செய்ய வேண்டும். குழாயடியில் நீர் தேங்காமல் சரிவு அமைப்பதும், மரக்கிளைகளை ஓரளவு கழித்து வெயில் படச் செய்வதும் பாசி மீண்டும் வருவதைத் தாமதப்படுத்தும்.

இரண்டாவது, குளியலறை. புதிதாகக் கட்டுவோர் கூடத்துக்கு வாங்கும் பளபளப்பான டைல்ஸையே குளியலறைக்கும் வாசற்படிக்கும் பதித்துவிடுகிறார்கள். ஜெர்மானிய அளவீட்டு முறையில் டைல்ஸின் வழுக்காத்தன்மை ஆர்9 முதல் ஆர்13 வரை வகைப்படுத்தப்படுகிறது. ஆர்9 மிகக் குறைந்த பிடிமானம் உடையது. ஈரம்படும் இடங்களுக்கு ஆர்10 அல்லது ஆர்11 கேட்டு வாங்கலாம். அந்த எண் கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், டைல்ஸின்மேல் சிறிது நீர் ஊற்றி விரலால் தேய்த்துப் பார்ப்பதே போதும். பழைய குளியலறையாக இருந்தால், அடியில் உறிஞ்சுகுமிழ் உள்ள ரப்பர் விரிப்பும், சுவரில் ஆழமாகப் பொருத்திய எஸ்.எஸ். கைப்பிடியும் உதவும். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நம்பக் கூடாது. உடலின் எடையை அது தாங்காது. முதியவர்கள் குளிக்கும்போது உள்ளே தாழிடாமல் இருப்பதையும், உட்கார்ந்து குளிக்க உயரமான முக்காலி வைப்பதையும் குடும்பத்தினர் இயல்பாக்க வேண்டும்.

மூன்றாவது, வாசலும் கூடமும். பழைய புடவையை மடித்து மிதியடியாகப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். வழவழப்பான தரையில் அந்தத் துணியே சறுக்குப் பலகையாகிவிடும். அடியில் ரப்பர் உள்ள மிதியடி அல்லது கனமான கயிற்று மிதியடி சிறந்தது. நனைந்த குடைகளை வைக்க வாசலில் ஒரு வாளி போதும். தரை துடைத்த பிறகு காயும்வரை யாரும் நடக்காத நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மழைநாளில் மின்சாரம் தடைபடுவது இயல்பு. படுக்கையிலிருந்து கழிப்பறை வரையிலான வழியில் தானே எரியும் ஒரு சிறு விளக்கும், தலையணை அருகே ஒரு டார்ச்சும் இருக்கட்டும். தரையில் புரளும் வேட்டியும் நைட்டியும் கணுக்காலுக்கு மேலே ஏறட்டும்.

தரையைப் போலவே உடலையும் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தம், தூக்கமின்மை ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றலை உண்டாக்கும். படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது. கண்புரையைத் தள்ளிப்போடக் கூடாது. சமநிலைக்கும் கால் வலுவுக்குமான உடற்பயிற்சி, முதியவர்கள் விழுவதை ஏறத்தாழக் கால்பங்கு குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் சில நொடிகள் நிற்பது ஆகியவையே நல்ல தொடக்கம். மூட்டுவலியோ வேறு நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கலாம்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் யாரேனும் விழக்கூடும். விழுந்தவரைக் கையைப் பிடித்து உடனே தூக்கி நிறுத்துவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. வலி எங்கே என்று கேட்க வேண்டும். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிவு என்று ஐயுற வேண்டும். அசைக்காமல் 108-ஐ அழைப்பதே முறை. தலையில் அடிபட்டவர் ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உட்கொள்பவராக இருந்தால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதன்பின் தைலம் தேய்த்துக் காத்திருப்பதும், எலும்பு கட்டுவோரைத் தேடுவதும் பொன்னான நேரத்தை வீணாக்கும். இடுப்பு முறிவில் தாமதம் கூடக்கூடப் படுக்கைப்புண், நுரையீரல் தொற்று, கால் நரம்பில் ரத்தக்கட்டு ஆகிய அபாயங்களும் கூடுகின்றன.

எலும்பு கூடிய பிறகும் ஒன்று கூடாமல் இருக்கும்; அது துணிவு. மீண்டும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் நடப்பதைக் குறைப்பவர்களின் தசைகள் மெலிகின்றன. தசை மெலிந்தவர் எளிதில் விழுகிறார். என் அக்கா ஓராண்டு வரை கொல்லைக் கதவின் பக்கமே போகவில்லை. அவர் வளர்த்த மல்லிகைக்கு நாங்கள்தான் நீர் ஊற்றினோம். "நீ பறிச்சா மொட்டெல்லாம் நசுங்குதுடா" என்று உள்ளிருந்தே கடிந்துகொள்வார். அவர் இழந்ததன் பெயர் எந்த மருத்துவக் கட்டண ரசீதிலும் இல்லை.

தனிமனிதக் கவனத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான மருத்துவக் காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் விரிவுபடுத்தியது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால், இரண்டும் விபத்துக்குப் பின் வரும் செலவுக்கானவை. ஓர் இடுப்பு அறுவை சிகிச்சைக்கு அரசு அளிக்கும் தொகையில், ஒரு தெருவிலுள்ள முதியோர் வீடுகள் அனைத்துக்கும் குளியலறைக் கைப்பிடி பொருத்திவிடலாம்.

அதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே நம்மிடம் உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். அவர்களது பதிவேட்டில் "கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? குளியலறையில் கைப்பிடி உண்டா? இரவு விளக்கு உண்டா?" என்று மூன்று கேள்விகளைச் சேர்ப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. செப்டம்பர் மாதத்திலேயே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டால், மழைக்கு முன் சரிசெய்ய நேரம் கிடைக்கும். வடிகால் தூர்வாருவதற்கு உள்ளாட்சிகள் நாள் குறிப்பதுபோல், பேருந்து நிலையம், சந்தை, நியாயவிலைக் கடை, கோயில் பிராகாரம், அரசு மருத்துவமனைத் தாழ்வாரம் ஆகியவற்றின் தரையையும் படிகளையும் ஆய்வு செய்யவும் ஒரு நாள் குறிக்கலாம். டைல்ஸ் பெட்டியின்மேல் வழுக்காத்தன்மையின் தர எண்ணைத் தமிழில் அச்சிட வேண்டும் என்பதையும் கட்டாயமாக்கலாம். விளக்குக்கும் மின்விசிறிக்கும் நட்சத்திரக் குறியீடு பார்த்து வாங்கப் பழகிய நம் மக்கள் இதையும் பழகிக்கொள்வார்கள்.

இந்த ஆண்டு முதல் மழை பெய்த மறுநாளே நான் கொல்லைக் குழாயடியைத் தேய்த்துவிட்டேன். அக்கா நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்தபடி கதவருகே நின்று, "அந்த மூலையை விட்டுட்டே பாரு" என்று சுட்டிக்காட்டினார். விட்டுத்தான் இருந்தேன். குனிந்து மீண்டும் தேய்த்தேன். மல்லிகைச் செடிவரை சுவரோரமாக ஒரு கைப்பிடிக் கம்பியும் பொருத்தியாயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு அவர் இதுவரை மூன்று முறை செடிவரை நடந்து போயிருக்கிறார்.

இதைப் படிக்கும் வாசகர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் வழுக்கும் இடம் எது என்பது வீட்டிலுள்ள மூத்தவருக்குத் தெரியும். அவர் அதை ஒருமுறையேனும் சொல்லியிருப்பார். அது எந்த இடம் என்று இன்றே அவரிடம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம்.